நூலகப் பணிக்கு வன்னியிலிருந்து விண்ணப்பித்தல்: தகைமை தேடுவது முதல் கடமையேற்பது வரை

பொது நூலகம் ஒன்றின் உசாத்துணைப் பகுதியில் நான் பணியாற்றிய ஆண்டுகளில், நூலகப் பதவிகளுக்கான விண்ணப்பப் படிவத்தோடு என் மேசைக்கு வந்த இளையவர்களிற் பெரும்பாலோர் ஒரே ஒழுங்கிலேயே தவறியிருந்தார்கள். கைக்கெட்டிய பாடநெறி ஒன்றை முதலில் படித்து முடித்தார்கள். அதன்பின் பதவி தேடினார்கள். அந்தப் பதவிக்கு என்ன தகைமை கேட்கப்படுகிறது என்பதைக் கடைசியாகவே பார்த்தார்கள். "அக்கா, கோர்ஸ் முடிச்சிட்டன், இனி எங்க போடுறது?" என்று கேட்டவர்களுக்கு, அந்தச் சான்றிதழ் குறித்த பதவிக்குச் செல்லாது என்று சொல்ல நேர்ந்த நாட்கள் எனக்கு மிகவும் வருத்தம் தந்தவை.

கீழேயுள்ள படிகள் அந்த ஒழுங்கை மாற்றி அமைக்கின்றன. முதலில் பதவி, அடுத்து அதற்குரிய ஆட்சேர்ப்பு விதி, பின்னர் ஆவணங்கள், அதற்கும் பின்னரே பாடநெறி என்ற வரிசையில் நடந்தால் இரண்டு, மூன்று ஆண்டுகள் வீணாவதைத் தவிர்க்கலாம்.

1. எந்த வாசலால் நுழையப் போகிறீர்கள் என்பதைத் தீர்மானியுங்கள்

நூலகர் என்ற ஒரே சொல்லின் கீழ் வெவ்வேறு தொழில்தருநர்களும் வெவ்வேறு விதிகளும் இருக்கின்றன. ஒன்றுக்குப் பொருந்தும் தகைமை மற்றொன்றுக்குப் பொருந்த வேண்டும் என்பதில்லை. எனவே எதையும் படிக்கத் தொடங்குவதற்கு முன்னர் இதைத் தீர்மானித்துக் கொள்ள வேண்டும்.

பொது நூலகங்களை உள்ளூராட்சி மன்றங்கள் நடத்துகின்றன. கிளிநொச்சி மாவட்டத்தில் கரைச்சி, பூநகரி, பச்சிலைப்பள்ளிப் பிரதேச சபைகளும், முல்லைத்தீவு மாவட்டத்தில் கரைதுறைப்பற்று, புதுக்குடியிருப்பு, துணுக்காய், மாந்தை கிழக்குப் பிரதேச சபைகளும் அத்தகையவை. வவுனியா, மன்னார் மாவட்டங்களில் நகரங்களுக்குரிய மன்றங்களோடு பிரதேச சபைகளும் உள்ளன. இந்த நூலகங்களின் நிரந்தர ஊழியர்கள் மாகாணப் பொதுச் சேவையைச் சேர்ந்தவர்கள். அவர்களது நியமனம் வடக்கு மாகாணப் பொதுச் சேவை ஆணைக்குழுவின் அதிகாரத்தின் கீழ் வருகிறது. அதனால், பிரதேச சபைத் தவிசாளரிடமோ செயலாளரிடமோ வேலை கேட்டுக் கடிதம் கொடுத்துவிட்டுக் காத்திருப்பது பயனற்றது. நிரந்தர நியமனம் வழங்கும் அதிகாரம் அவர்களிடம் இல்லை.

பாடசாலை நூலகத்தைப் பெரும்பாலும் ஆசிரியர் ஒருவரே ஆசிரிய நூலகராகப் பொறுப்பேற்று நடத்துகிறார். ஆகவே இந்த வாசலை விரும்புவோர் முதலில் ஆசிரியராக நியமனம் பெற்று, பின்னர் நூலகவியற் பயிற்சி பெறும் வழியைத்தான் எண்ண வேண்டும். நூலக டிப்ளோமாவை மட்டும் வைத்துக்கொண்டு வலயக் கல்வி அலுவலகத்துக்கு அலைந்தவர்களை நான் அறிவேன்.

பல்கலைக்கழக நூலகம் மூன்றாவது வாசல். 2021 ஆகஸ்ட் 1 முதல் தனிப் பல்கலைக்கழகமாக இயங்கும் வவுனியாப் பல்கலைக்கழகமும், கிளிநொச்சி அறிவியல் நகரில் உள்ள யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பீடங்களும் நமக்கு அருகில் உள்ளவை. இங்கே ஆட்சேர்ப்பைப் பல்கலைக்கழகமே, பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் சுற்றறிக்கைகளின்படி நடத்துகிறது. நூலக உதவியாளர் நிலையிலுள்ள பதவிகள் கல்விசாரா ஊழியர்களுக்குரியவை. உதவி நூலகர் பதவியோ பட்டமும் அதன் வகுப்பும் பார்க்கப்படும், கல்விசார் ஊழியரோடு ஒத்த நிலையிலுள்ள பதவி. இவ்விரண்டுக்கும் இடையே பதவி உயர்வால் எளிதில் ஏறிவிடலாம் என்று எண்ணி உள்ளே நுழைவது தவறு.

அரச சார்பற்ற நிறுவனங்களும் தனியார் பாடசாலைகளும் ஒப்பந்த அடிப்படையில் ஆள் எடுப்பதுண்டு. அனுபவம் சேர்க்க அவை உதவும். அதற்கு மேல் அவற்றைப் பற்றிப் பொதுவாகச் சொல்ல அதிகமில்லை.

2. ஆட்சேர்ப்புத் திட்டத்தை முழுமையாகப் பெற்று வாசியுங்கள்

ஒவ்வொரு பதவிக்கும் அங்கீகரிக்கப்பட்ட ஆட்சேர்ப்புத் திட்டம் ஒன்று உண்டு. சேவைப் பிரமாணக் குறிப்பு என்றும் அதைச் சொல்வார்கள். வயது எல்லை, கல்வித் தகைமை, தொழிற் தகைமை, தெரிவு முறை, தகுதிகாண் காலம், சேவையிற் சேர்ந்தபின் சித்தியடைய வேண்டிய வினைத்திறன் தடைதாண்டல் பரீட்சை, பதவி உயர்வு ஆகிய எல்லாம் அதில் எழுதப்பட்டிருக்கும். பத்திரிகையில் வரும் அறிவித்தல் அதன் சுருக்கமே.

அறிவித்தல் வருவதற்கு முன்னரே இதை வாசிக்க வேண்டியதற்குக் காரணம் இருக்கிறது. அறிவித்தலுக்கும் முடிவுத் திகதிக்கும் இடையில் கிடைப்பது சில வாரங்கள் மட்டுமே. அந்த இடைவெளியில் எவராலும் டிப்ளோமா ஒன்றை முடிக்க முடியாது. தொலைந்த சான்றிதழைக்கூட மீளப் பெறுவது கடினம்.

மாகாண சபையின் இணையத்தளத்திலோ, மாவட்டத்திலுள்ள உதவி உள்ளூராட்சி ஆணையாளர் அலுவலகத்திலோ முதலில் கேளுங்கள். கிடைக்காவிட்டால், 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் உரிய நிறுவனத்தின் தகவல் அலுவலருக்கு எழுத்தில் விண்ணப்பிக்கலாம். தகவலை வழங்குவதா இல்லையா என்ற தீர்மானத்தை அவர் 14 வேலை நாட்களுக்குள் அறிவிக்க வேண்டும். தகவலைக் கேட்பதற்கான காரணத்தை நீங்கள் சொல்ல வேண்டியதில்லை. பதவியின் பெயரையும் தரத்தையும் மட்டும் துல்லியமாக எழுதுங்கள். "நூலக வேலை பற்றிய விபரம்" என்று பொதுவாகக் கேட்டால் பொதுவான பதிலே வரும்.

திட்டத்தை வாசிக்கும்போது மூன்று இடங்களில் நிதானியுங்கள். முதலாவது, க.பொ.த. சாதாரண தரத்தில் எத்தனை பாடங்களிற் சித்தி, எவற்றில் திறமைச் சித்தி, அவை ஒரே அமர்விலா இரு அமர்வுகளிலா என்பது. இரண்டாவது, தொழிற் தகைமையை வழங்க வேண்டிய நிறுவனத்தின் பெயர் குறிப்பிடப்பட்டுள்ளதா, "அங்கீகரிக்கப்பட்ட நிறுவனம்" என்று மட்டும் உள்ளதா என்பது. மூன்றாவது, திறந்த ஆட்சேர்ப்பு, சேவையில் ஏற்கெனவே உள்ளவர்களுக்கான மட்டுப்படுத்தப்பட்ட ஆட்சேர்ப்பு என்னும் இரண்டில் நீங்கள் எதற்கு உரியவர் என்பது. கணிதத்தில் சாதாரண சித்தி மட்டும் பெற்ற ஒருவர், திறமைச் சித்தி கேட்கும் பதவியை எண்ணி மூன்று ஆண்டுகள் நூலகவியல் படித்திருந்தார். அந்த ஒரு பாடத்தை மீண்டும் எழுதுவதே அவரது முதல் வேலையாக இருந்திருக்க வேண்டும்.

3. ஆவணங்களைச் சீர்செய்யுங்கள்

வன்னியிலிருந்து விண்ணப்பிப்பவருக்கு மிகுந்த நேரம் எடுக்கும் படி இதுதான். இடப்பெயர்வுகளின்போது, குறிப்பாக 2008, 2009 ஆம் ஆண்டுகளில், சான்றிதழ்கள் அடங்கிய பையையே இழந்த குடும்பங்கள் இங்கு ஏராளம். மீளப் பெற்றவையும் ஒன்றோடொன்று முரண்படுவதுண்டு. ஆகவே பாடநெறிக்குப் பதிவுசெய்வதற்கு முன்னரே இந்த வேலையைத் தொடங்குங்கள்.

பிறப்புச் சான்றிதழை முதலில் எடுங்கள். மற்ற எல்லா ஆவணங்களும் அதோடுதான் ஒப்பிடப்படும். பிறப்புப் பதிவு செய்யப்பட்ட பிரிவுக்குரிய பிரதேச செயலகத்தில் பிரதிக்கு விண்ணப்பிக்கலாம். பதிவே கிடைக்காதவர்களுக்கு உத்தேச வயதுச் சான்றிதழ் என்ற வழி உண்டு. அதற்குக் காலம் கூடுதலாக எடுக்கும்.

பரீட்சைச் சான்றிதழ் தொலைந்திருந்தால் பரீட்சைத் திணைக்களத்திடமிருந்து பெறுபேற்றுச் சான்றிதழைப் பெற வேண்டும். ஆண்டும் சுட்டெண்ணும் கைவசம் இருந்தால் வேலை இலகு. சுட்டெண் நினைவில்லாதவர்கள் பாடசாலையிற் கேட்பார்கள். அங்கே அந்த ஆண்டின் பதிவேடும் அழிந்திருக்கும். அந்நிலையில், அதே நிலையத்தில் அதே ஆண்டு பரீட்சை எழுதிய உடன்மாணவர்களின் சுட்டெண்களைச் சேகரியுங்கள். ஒரு பாடசாலைப் பரீட்சார்த்திகளின் சுட்டெண்கள் தொடராக அமைவதால், உங்கள் எண் எந்த எல்லைக்குள் இருந்திருக்கும் என்பதை அது காட்டும். பாடசாலையின் பெயர், ஆண்டு, முழுப்பெயர் ஆகியவற்றோடு அந்த எல்லையையும் எழுதிக் கொடுங்கள்.

அடுத்தது பெயர். பிறப்புச் சான்றிதழில் ஒரு வடிவம், தேசிய அடையாள அட்டையில் இன்னொரு வடிவம், பரீட்சைச் சான்றிதழில் ஆங்கில எழுத்துக்கூட்டலில் மற்றொரு வடிவம் என இருப்பது நம்மிடையே சாதாரணம். தந்தையின் பெயர் சிலவற்றில் முன்னும் சிலவற்றில் பின்னும் வரும். திருமணமான பெண்களுக்குக் கணவரின் பெயரும் சேர்ந்துகொள்ளும். எல்லா ஆவணங்களையும் மேசையில் பரப்பி, ஒவ்வொன்றிலும் உள்ளபடி பெயரை ஒரே தாளில் எழுதிப் பாருங்கள். வேறுபாடு இருந்தால், அவை அனைத்தும் ஒருவரையே குறிக்கின்றன என்ற சத்தியக் கடதாசியை இப்போதே முடித்துவையுங்கள். நேர்முகப் பரீட்சைக்கு முதல்நாள் மாலை சமாதான நீதவானைத் தேடி ஓடியவர்கள், அவசரத்தில் ஒரு பெயர் வடிவத்தைச் சேர்க்காமல் விட்டுவிட்டு மீண்டும் சிக்கலுக்குள்ளானதை நான் கண்டிருக்கிறேன்.

வதிவிடத்துக்கான சான்றையும் இதே வேளையிற் கவனியுங்கள். மாகாணப் பதவிகளுக்கான அறிவித்தல்கள் பலவற்றில், குறிப்பிட்ட ஆண்டுகள் மாகாணத்தில் நிரந்தரமாக வசித்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை வருகிறது. கிராம அலுவலர் வழங்கி, பிரதேச செயலாளர் மேலொப்பமிட்ட சான்றிதழும் வாக்காளர் இடாப்பிலுள்ள பதிவும் இதற்குப் பயன்படும். மீள்குடியேற்றத்தின் பின்னர் இருக்கும் ஊரொன்று, வாக்காளர் பதிவு உள்ள ஊர் வேறொன்று என்றிருப்பவர்கள் அதை முன்கூட்டியே சீர்செய்ய வேண்டும்.

தமிழகத்திலிருந்து திரும்பி வந்த குடும்பங்களின் பிள்ளைகளுக்குத் தனியாக ஒரு சொல். அங்கே பிறந்தவராயின் இலங்கைக் குடியுரிமைப் பதிவுச் சான்றிதழ் வேண்டும். அங்கே பள்ளிப் படிப்பை முடித்தவராயின் அதன் சமநிலையைப் பரீட்சைத் திணைக்களத்திடம் எழுத்தில் உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். நூலகவியலில் இளநிலைப் பட்டமோ முதுநிலைப் பட்டமோ பெற்றிருந்தால் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் அங்கீகாரக் கடிதத்தைக் கேட்டுப் பெறுங்கள். நல்ல பட்டம் இருந்தும் இந்தக் கடிதங்கள் இல்லாமையால் பின்தள்ளப்பட்டவர்களை நினைத்தால் மனம் ஆறுவதில்லை.

4. இப்போது தொழிற் தகைமையைத் தெரிவுசெய்யுங்கள்

ஆட்சேர்ப்புத் திட்டம் கையில் இருப்பதால் இந்தப் படி முன்னைவிட எளிதாகிவிடும். எதைப் படிக்க வேண்டும் என்பதை அதுவே சொல்லும்.

பொது நூலகப் பதவிகளை எண்ணுபவர்களுக்கு இலங்கை நூலகச் சங்கம் நடத்தும் நூலக தகவல் விஞ்ஞான டிப்ளோமா பரவலாக அறியப்பட்ட வழி. 1960 இல் தொடங்கிய இச்சங்கம் 1974 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கச் சட்டத்தால் கூட்டிணைக்கப்பட்டது. அதன் டிப்ளோமா படிநிலைகளாக அமைந்தது. தமிழ்மொழி மூலமும் படிக்கலாம். அனுமதித் தகைமைகளையும் வகுப்பு நடைபெறும் நிலையங்களையும் ஒவ்வோர் உள்வாங்கலின் அறிவித்தலிலும் புதிதாகப் பாருங்கள். முந்திய ஆண்டில் அக்காவோ அண்ணாவோ படித்த நிலையம் இந்த ஆண்டும் இயங்கும் என்று எண்ண வேண்டாம்.

இதில் இரண்டு பிழைகள் மீண்டும் மீண்டும் நடக்கின்றன. ஒன்று, முதற் படிநிலையை மட்டும் முடித்துவிட்டு விண்ணப்பத்தில் "டிப்ளோமா" என்று எழுதுவது. எந்தப் படிநிலை முடிந்ததோ அதை அப்படியே எழுதுங்கள். இல்லாவிடில் நேர்முகத்தில் உங்கள் நேர்மையே கேள்விக்குள்ளாகும். மற்றையது, சங்கத்தின் அங்கத்துவத்தையும் அதன் டிப்ளோமாவையும் ஒன்றாகக் கருதுவது. அங்கத்துவம் தொழிற் தகைமை ஆகாது.

பட்டப்படிப்பாக நூலகவியலைப் படிக்க விரும்புவோருக்குக் களனிப் பல்கலைக்கழகத்தில் அதற்கெனத் தனித்துறை உண்டு. வேறு துறையிற் பட்டம் பெற்றவர்களுக்கும் ஆசிரிய நூலகர்களுக்கும் கொழும்புப் பல்கலைக்கழகத்தின் தேசிய நூலக தகவல் விஞ்ஞான நிறுவனம் பட்டப்பின் படிப்புகளை நடத்துகிறது. பல்கலைக்கழக உதவி நூலகர் பதவியை நோக்குபவர் முதலில் தம் பட்டத்தின் வகுப்பையே பார்க்க வேண்டும். பொதுச் சித்தி மட்டுமுள்ள பட்டத்தோடு முதுநிலைப் படிப்புக்குப் பெருந்தொகை செலவிடுவதற்கு முன்னர், அப்பதவிக்கான நடப்புச் சுற்றறிக்கையை வாசிக்க வேண்டும்.

தேசிய நூலக ஆவணவாக்கல் சேவைகள் சபை நடத்தும் குறுகிய காலப் பயிற்சிகள் திறனை வளர்க்க நல்லவை. அவற்றின் சான்றிதழ்களை மேலதிகத் தகைமையாகக் காட்டலாம். அடிப்படைத் தகைமைக்குப் பதிலாகக் காட்ட முடியாது.

நகரங்களில் ஆறு மாதத்தில் "டிப்ளோமா" தருவதாக விளம்பரம் செய்யும் தனியார் நிலையங்கள் உண்டு. பணம் கட்டுவதற்கு முன்னர் இரண்டு கேள்விகளைக் கேளுங்கள். நிலையம் மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவிற் பதிவுசெய்யப்பட்டதா? நீங்கள் படிக்கப்போகும் அந்தப் பாடநெறி தரச்சான்று பெற்றதா? நிலையம் பதிவுபெற்றிருப்பதால் அங்கே நடக்கும் எல்லாப் பாடநெறிகளும் தரச்சான்று பெற்றவை ஆகிவிடா. இரண்டுக்கும் எழுத்தில் பதில் தர மறுத்தால் விலகிவிடுங்கள். நெல் விற்ற காசையும் நகையை அடகுவைத்த காசையும் கட்டிப் படிக்கும் பிள்ளைகளிடம் இதை நான் மிகுந்த அக்கறையோடு சொல்கிறேன்.

மிக முக்கியமான விதி ஒன்று இங்கே உண்டு. கேட்கப்படும் தகைமை விண்ணப்ப முடிவுத் திகதியன்று முழுமையாக இருக்க வேண்டும். பரீட்சை எழுதி முடிந்தது, பெறுபேறு வரவில்லை என்பது தகைமை ஆகாது. முடிவுத் திகதிக்கு மூன்று வாரங்களின் பின் பெறுபேறு கிடைத்த ஒருவரின் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டதை அருகிலிருந்து பார்த்தேன். சான்றிதழில் தகைமை செயல்வலுப்பெறும் திகதி என்று ஒன்று இருந்தால், கணக்கில் எடுக்கப்படுவது அதுவே.

5. அனுபவத்தை எழுத்தாகச் சேர்த்துவையுங்கள்

தற்காலிகமாகவோ அமைய அடிப்படையிலோ நூலகத்தில் வேலை செய்தவர்கள் வன்னியில் நிறையவே இருக்கிறார்கள். ஆனால் அவர்களின் அனுபவக் கடிதங்கள் பெரும்பாலும் "இவர் எமது நூலகத்தில் நன்றாகப் பணியாற்றினார்" என்பதோடு முடிந்துவிடுகின்றன. அப்படிப்பட்ட கடிதத்துக்கு நேர்முகத்தில் புள்ளி வழங்க வழியில்லை.

கடிதத்தில் பதவியின் பெயர், தொடங்கிய திகதி, முடிந்த திகதி, முழுநேரமா பகுதிநேரமா என்பது, செய்த கடமைகள், ஒப்பமிடுபவரின் பதவி முத்திரை ஆகியவை இருக்க வேண்டும். நியமனக் கடிதமும் ஊழியர் சேமலாப நிதிப் பதிவும் இருந்தால் அவற்றின் பிரதிகளையும் சேருங்கள். வேலையை விட்டு விலகும் நாளிலேயே கடிதத்தைப் பெற்றுவிடுங்கள். செயலாளர் இடமாற்றம் பெற்றுச் சென்றபின் உங்களை அறிந்தவர் அங்கே இருக்கமாட்டார்.

இன்னும் எங்கும் வேலை கிடைக்காதவர் ஊரிலுள்ள சனசமூக நிலையத்தின் வாசிகசாலையில் தொடங்கலாம். அந்தத் தொண்டுக்குப் புள்ளி கிடைக்காமற் போகலாம். ஆனாலும் முந்நூறு புத்தகங்களுக்குச் சேர்வுப் பதிவேடு (நூலகத்துக்கு வரும் நூல்களை இலக்கமிட்டுப் பதியும் ஏடு) எழுதி, பகுத்து, முதுகில் எண் ஒட்டி, இரவல் கொடுத்து வாங்கிய ஒருவர் நேர்முகத்தில் பதில் சொல்லும் விதம், குறிப்பை மனனம் செய்தவர் சொல்லும் விதத்திலிருந்து வேறாகவே இருக்கும்.

6. அறிவித்தலைத் தவறவிடாதீர்கள்

மத்திய அரசுப் பதவிகளுக்கான அறிவித்தல்கள் வெள்ளிக்கிழமைகளில் வெளிவரும் வர்த்தமானியின் முதலாம் பகுதி, இரண்டு அ தொகுதியில் வரும். மாகாணப் பதவிகளுக்கு வர்த்தமானியை மட்டும் பார்த்திருப்பது போதாது. மாகாண சபையினதும் மாகாணப் பொதுச் சேவை ஆணைக்குழுவினதும் இணையத்தளங்களையும் தமிழ்ப் பத்திரிகைகளையும் பார்க்க வேண்டும். பல்கலைக்கழகங்கள் தங்கள் இணையத்தளங்களிலும் பத்திரிகைகளிலும் அறிவிக்கின்றன.

முகநூலில் பகிரப்படும் படத்தை வைத்து விண்ணப்பிக்க வேண்டாம். அதில் இரண்டாம் பக்கம் பெரும்பாலும் இருப்பதில்லை. நிபந்தனைகளோ அந்தப் பக்கத்தில்தான் இருக்கும். வாரத்தில் ஒரு நாளை ஒதுக்கி, அருகிலுள்ள பொது நூலகத்துக்குச் சென்று பத்திரிகைகளையும் வர்த்தமானியையும் வரிசையாகப் பாருங்கள்.

7. விண்ணப்பத்தை நிரப்புதலும் அனுப்புதலும்

முதலில் படிவத்தின் நிழற்பிரதியில் பென்சிலால் நிரப்புங்கள். அதை வேறொருவர் உங்கள் சான்றிதழ்களோடு ஒப்பிட்டுச் சரிபார்த்தபின் மூலப்படிவத்தை நிரப்புங்கள். தன் பிழை தன் கண்ணுக்குத் தெரிவதில்லை.

படிவத்தை நீங்களே தயாரிக்க வேண்டியிருந்தால், மாதிரிப் படிவத்தில் எந்தப் பக்கத்தில் எந்த இலக்கங்கள் வர வேண்டும் என்று சொல்லப்பட்டுள்ளதோ அப்படியே அமைக்க வேண்டும். ஒரு பத்தியை விட்டாலும் மாதிரிக்கு அமையாத விண்ணப்பம் என்று ஒதுக்கப்படும். வயதை முடிவுத் திகதியில் உள்ளபடி ஆண்டு, மாதம், நாள் என்று கணக்கிடுங்கள். விண்ணப்பம் எழுதும் நாளின் வயதை எழுதுவது பரவலான பிழை.

மூலச் சான்றிதழ்களை ஒருபோதும் தபாலில் அனுப்ப வேண்டாம். பிரதிகளை இணைக்குமாறு கேட்டால் உறுதிப்படுத்திய பிரதிகளை இணையுங்கள்; கேட்காவிட்டால் இணைக்க வேண்டாம். ஏற்கெனவே அரச சேவையிலோ மாகாண சேவையிலோ உள்ளவர்கள் திணைக்களத் தலைவர் ஊடாக அனுப்ப வேண்டும். அந்தக் கோப்பு மேசை மேசையாகச் செல்ல எடுக்கும் நாட்களையும் கணக்கிற் சேருங்கள்.

கடித உறையின் இடதுபக்க மேல்மூலையில் பதவியின் பெயரை எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்பி, பற்றுச்சீட்டை முழு விண்ணப்பத்தின் பிரதியோடு சேர்த்துவையுங்கள். முடிவுத் திகதி என்பது விண்ணப்பம் அலுவலகத்தைச் சென்றடைய வேண்டிய நாளே தவிர, தபாலில் இடும் நாள் அன்று. உட்கிராமங்களிலிருந்து அனுப்புபவர் குறைந்தது ஒரு வாரம் முந்திக்கொள்ள வேண்டும்.

8. போட்டிப் பரீட்சைக்கும் நேர்முகத்துக்கும் ஆயத்தமாதல்

எழுத்துப் பரீட்சையில் பொது அறிவு, நுண்ணறிவு, மொழித்திறன் போன்ற வினாத்தாள்கள் வரலாம். எவை வரும் என்பதை ஆட்சேர்ப்புத் திட்டம் சொல்லும். அவற்றுக்கு நேரம் பிடித்துப் பயிற்சி செய்வதைத் தவிர வேறு வழியில்லை. நூலகவியற் பகுதியிலேதான் புதியவர்கள் அதிகம் தடுமாறுகிறார்கள்.

நூல்களைப் பொருள்வாரியாக எண்ணிட்டு அடுக்கும் முறையான தூயி தசமப் பகுப்பை அட்டவணையாக மனனம் செய்பவர்கள், நூலைக் கையில் கொடுத்ததும் திகைக்கிறார்கள். ஒரு நூல் எந்தப் பொருளைச் சொல்கிறது என்பதோடு எந்தத் துறையின் பார்வையில் சொல்கிறது என்பதையும் பார்த்தே எண் இடப்படுகிறது. கிளிநொச்சியின் இரணைமடுக் குளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் பாசன வாய்க்கால்களைப் பொறியியல் நோக்கில் விளக்கும் நூல் 627.52 இன் கீழ் வரும். அந்த நீரைக்கொண்டு செய்யும் பாசன வேளாண்மையைச் சொல்லும் நூல் 631.587 க்குப் போகும். அங்கே விளையும் நெல்லைப் பற்றியதாயின் 633.18. அதே இரணைமடுவைக் களமாகக் கொண்ட நாவலென்றால் தமிழ்ப் புனைகதைக்குரிய 894.8113 இல் வைக்கப்படும். முல்லைத்தீவின் கரைவலையைப் பற்றிய மீன்பிடித் தொழில் நூல் 639.2 ஐயும், அம்மீனவரிடையே வழங்கும் நாட்டார் கதைத் தொகுப்பு 398.2 ஐயும் சேரும்.

இப்படி உங்கள் ஊரைச் சுற்றியுள்ள பொருள்களைக் கொண்டு ஐம்பது நூல்களுக்கு எண் இட்டுப் பழகுங்கள். பின்னர் உங்கள் எண்களை ஒரு நூலகத்தின் அடுக்கிலுள்ள எண்களோடு ஒப்பிட்டு, வேறுபட்ட ஒவ்வொன்றுக்கும் காரணம் தேடுங்கள். அடுக்கில் உள்ளதுதான் சரி என்றும் சொல்ல முடியாது. ஏன் வேறுபடுகிறது என்று விளக்கத் தெரிவதே பயிற்சியின் பயன்.

நேர்முகத்தில் இந்திய நூலகவியலாளர் ரங்கநாதன் 1931 இல் வெளியிட்ட நூலகவியலின் ஐந்து விதிகளைக் கேட்பது வழக்கம். எல்லோரும் வரிசையாக ஒப்புவிப்பார்கள். "வாசகரின் நேரத்தைச் சேமியுங்கள்" என்ற நான்காம் விதியை உங்கள் நூலகத்தில் எப்படி நிறைவேற்றுவீர்கள் என்று அடுத்த கேள்வி வந்ததும் பேச்சு நின்றுவிடும். அக்கராயனிலிருந்து ஒரு பேருந்தில் வந்து அடுத்த பேருந்தில் திரும்ப வேண்டிய விவசாயிக்கு, பயிர்நோய் பற்றிய நூலும் துண்டுப்பிரசுரமும் எங்கே இருக்கும், யார் எடுத்துக் கொடுப்பார், அவருக்கு எத்தனை நிமிடம் செலவாகும் என்று சொல்லத் தெரிந்தால், அந்த விதி உங்களுக்கு விளங்கியிருக்கிறது என்று பொருள்.

மாரி காலத்தில் நூல்களை ஈரத்திலிருந்தும் கறையானிலிருந்தும் காப்பது, உள்ளூர் ஆவணங்களைத் திரட்டுவது, நூலகத்துக்கு வர முடியாத கிராமங்களுக்கு நடமாடும் சேவை நடத்துவது ஆகியவற்றையும் முன்கூட்டியே சிந்தித்துச் செல்லுங்கள். உள்ளூர்ச் சேகரிப்பைப் பற்றிச் சொல்லும்போது, 2005 முதல் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் எண்ணிமப்படுத்திவரும் நூலக நிறுவனத்தின் (Noolaham Foundation) இணையத்தளத்தை நீங்களே பயன்படுத்தியிருப்பது நல்லது. கணினிமயமாக்கலைப் பற்றிக் கேட்டால், கோஹா போன்ற திறந்த மூல மென்பொருளில் ஒரு நூலையாவது பதிந்து பார்த்த அனுபவத்தைச் சொல்லுங்கள்.

அன்றைய தினம் மூலச் சான்றிதழ்களையும் பிரதிகளையும் புள்ளித் திட்டத்தின் தலைப்புகள் உள்ள வரிசையிலேயே கோப்பிடுங்கள். நேர்முகச் சபையினர் ஒவ்வொரு விண்ணப்பதாரிக்கும் ஒதுக்கக் கூடியது சில நிமிடங்களே. தேடி எடுக்க முடியாத சான்றிதழுக்குப் புள்ளி விடுபடக் கூடும். முதற் பேருந்தை மட்டும் நம்பிப் புறப்படாமல், முடிந்தால் முதல்நாளே சென்று தங்குங்கள்.

9. பெறுபேறு வந்த பின்னர்

தெரிவாகாதவர்கள் காரணம் அறியாமலே அடுத்த அறிவித்தலுக்கும் அதே விண்ணப்பத்தை அனுப்புகிறார்கள். அது வேண்டாம். உங்களுக்கு வழங்கப்பட்ட புள்ளிகளையும் புள்ளித் திட்டத்தையும் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்கலாம். பதில் திருப்தி தராவிட்டால் 14 நாட்களுக்குள் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடம் மேன்முறையீடு செய்யலாம். எந்தத் தலைப்பிற் புள்ளி குறைந்தது என்று தெரிந்தால், அடுத்த ஓராண்டை எதில் செலவிட வேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.

10. கடமையேற்கும் நாள்

நியமனக் கடிதத்தில் குறிப்பிட்ட திகதிக்குள் கடமையேற்காவிட்டால் நியமனம் இரத்தாகலாம். தொலைவான சபைக்கு நியமனம் கிடைத்தால், மாற்றம் கேட்டு எழுதிவிட்டு வீட்டில் இருக்க வேண்டாம், கடமையேற்றபின் எழுதுங்கள். மருத்துவப் பரிசோதனை, சத்தியப்பிரமாணம் போன்றவற்றைக் கடிதத்தில் உள்ளபடி முடியுங்கள். தகுதிகாண் காலத்துக்குள் முடிக்க வேண்டிய வினைத்திறன் தடைதாண்டல் பரீட்சையின் காலக்கெடுவையும், இரண்டாம் அரசகரும மொழியாகிய சிங்களத்தில் பெற வேண்டிய தேர்ச்சியின் காலக்கெடுவையும் முதல் வாரத்திலேயே குறித்துவையுங்கள். இவற்றைத் தள்ளிப்போட்டால் நிரந்தரமாக்கலும் சம்பள ஏற்றமும் தடைப்படும்.

நூலகப் பொறுப்பு உங்களிடம் ஒப்படைக்கப்படுமானால், இருப்பைச் சரிபார்க்காமல் பொறுப்பேற்புக் கடிதத்தில் ஒப்பமிட வேண்டாம். பல முறை இடம்பெயர்ந்து, நன்கொடைகளால் மீளக் கட்டப்பட்ட சேகரிப்புகளில் பதிவேட்டிலுள்ள எண்ணிக்கையும் அடுக்கிலுள்ள எண்ணிக்கையும் ஒத்திருப்பது அரிது. குறையும் நூல்களுக்குப் பின்னர் பதில் சொல்ல வேண்டியவர் ஒப்பமிட்டவரே. சேர்வுப் பதிவேட்டைத் திறந்து, விலகிச் செல்லும் அலுவலரையும் உடன் வைத்துக்கொண்டு, அடுக்கு அடுக்காக எண்ணுங்கள். காணாத சேர்வு இலக்கங்களையும், அடுக்கில் இருந்தும் பதிவேட்டில் இல்லாத நூல்களையும் தனித்தனிப் பட்டியல்களாக எழுதி, இருவரும் ஒப்பமிட்டு, ஒரு பிரதியைச் செயலாளரிடம் கொடுத்து அவர் பெற்றுக்கொண்டதற்கான ஒப்பத்தை மற்றப் பிரதியில் வாங்கி உங்கள் கோப்பில் வைத்துக்கொள்ளுங்கள்.